ஜெனீவாவில் ஒரு நியாயம், ஊரில் ஒரு நியாயம்

1987 டிசம்பரில் தாவர ஆய்வாளர்கள் சிலர் அகத்தியமலைக் காட்டுக்குள் ஏறினார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிச் சென்ற காணிப் பழங்குடியினருக்கோ களைப்பே தெரியவில்லை. அவர்கள் ஏதோ சிறு காயை அவ்வப்போது வாயில் போட்டு மென்றுகொண்டே நடந்தார்கள். அது என்னவென்று சொல்லத் தயங்கியவர்கள், வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற பெயர் வெளியுலகுக்கு வந்தது அப்படித்தான்.

கேரளத்தின் பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்று அதற்கு உரிமம் பெற்றது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் பங்கு. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அந்தப் பணத்துக்காக 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. அப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இல்லை. ஆய்வாளர்களின் மனச்சாட்சிதான் சட்டமாக இருந்தது. அதனாலேயே பிடிமானமும் இல்லை: இலை பறிக்க வனத்துறை முட்டுக்கட்டை போட்டது, அமெரிக்காவில் ஒரு நிறுவனம் மருந்தின் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது.

இந்த இடைவெளியில் ஒரு பகுதியை அடைக்கத்தான் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 2024 மே 24 அன்று ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. கண்டுபிடிப்பு ஒரு மரபணு வளத்தைச் சார்ந்ததென்றால், அது எந்த நாட்டிலிருந்து வந்தது, அதைப் பற்றிய அறிவு எந்தச் சமூகத்துடையது என்று காப்புரிமை கேட்பவர் சொல்லியாக வேண்டும். கொலம்பியா 1999-இல் எழுப்பிய கோரிக்கை இது. கால் நூற்றாண்டு இழுத்தது. பல் குறைவான ஒப்பந்தம்தான். உண்மையை மறைத்தார் என்பதற்காக மட்டும் காப்புரிமை பறிபோகாது. மோசடி நோக்கம் இருந்திருக்க வேண்டும். லாபத்தில் பங்கு பற்றியும் அதில் பேச்சில்லை.

ஆனாலும் அது தேவை. மஞ்சளுக்கு 1995-இல் அமெரிக்கா தந்த காப்புரிமை 1997-இல் ரத்தானதும், வேம்புக் காப்புரிமைக்கு எதிரான வழக்கு 2005-இல் ஐரோப்பாவில் முடிவுக்கு வந்ததும் இந்தியாவுக்குப் பெரிய வெற்றிகள். மஞ்சளைக் காப்பாற்றியவை அச்சிலும் சுவடியிலும் இருந்த சான்றுகள். காணிகளிடம் சுவடி ஏது? அவர்களைப் போன்றவர்களுக்கு, மூலத்தைச் சொல்லும் கடமைதான் துணை.

உலக அரங்கில் அந்தக் கடமையைக் கேட்ட டெல்லியின் உள்ளூர்ப் போக்குதான் உறுத்துகிறது. பின்னாளில் பங்கு தரச் சொல்லி வந்த பல்லுயிர்ச் சட்டத்தில் 2023-இல் கொண்டுவந்த திருத்தம், நூலில் பதிவான மரபறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்குப் பங்கு தரும் பொறுப்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிறைத் தண்டனையும் போய், அபராதம் வந்திருக்கிறது. வெளிநாட்டார் மட்டுமல்ல, இந்திய நிறுவனங்களும் பங்கு தர வேண்டும் என்று திவ்யா பார்மசி வழக்கில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்ன பிறகு வந்த திருத்தம் இது என்பதை மறந்துவிட முடியாது.

இந்திய மருத்துவத் துறையின் சட்டச் சுமையைக் குறைக்க இந்த மாற்றம் என்கிறது அரசு. நாட்டு வைத்தியருக்கு விலக்கு தரட்டும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. பெரிய மருந்து நிறுவனத்துக்கும் அதே குடை எதற்கு? சீந்தில் சித்த நூல்களிலும் இருக்கிறது, காட்டிலும் இருக்கிறது. கொடியை அறுத்துச் சுமந்து வருபவர் நூலைப் படித்துவிட்டு மலையேறுவதில்லை. எந்தச் சரிவில், எந்தப் பருவத்தில் அறுத்தால் வீரியம் குறையாது என்பது அவருடைய அறிவு. இனி ஒரு நிறுவனம் நூலைக் காட்டி, அவருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்று வாதாடலாம்.

உலக அரங்கில் மூலத்தைச் சொல் என்று கேட்ட நாடு, உள்ளூரில் அந்த மூலத்துக்குரியவரை வாசலில் நிறுத்தக்கூடாது. காட்டிலிருந்து எடுக்கும் மூலிகைக்கு, அதன் பெயர் எந்த நூலில் இருந்தாலும், வணிக நிறுவனம் பங்கு தர வேண்டும் என்று மத்திய அரசு சட்டத்திலேயே தெளிவாக்க வேண்டும். சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம், எந்த நிறுவனம் எவ்வளவு கட்டியது, அதில் எந்த மலைக் குடியிருப்புக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் தமிழ் உட்பட அந்தந்த மக்களின் மொழியில் வெளியிட வேண்டும்.