ஒரு நடிகர் விட்டுக்கொடுத்த ஊதியம்

பிரான்ஸில் நிதிப் பற்றாக்குறை குறித்த விவாதம் எழும்போதெல்லாம், குறைக்கப்பட வேண்டிய செலவுகளின் பட்டியலில் கலைஞர்களும் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு ஒரே ஆணையின் மூலம் 1,000 கோடி யூரோ செலவைக் குறைத்தபோது, பண்பாட்டுத் துறை 20 கோடி யூரோவுக்கும் மேல் இழந்தது. அதே ஆண்டின் இறுதியில், நாட்டின் மேற்கே உள்ள ஒரு மண்டல நிர்வாகம் நாடகக் குழுக்களுக்கும் விழாக்களுக்கும் அளித்துவந்த உதவியைக் கடுமையாக வெட்டியது. கலைஞர்களுக்கான தனி வேலையின்மைக் காப்பீட்டு முறையும் சிக்கனத்தை வலியுறுத்துவோரின் கண்ணை நெடுங்காலமாக உறுத்தி வருகிறது.

அந்தக் காப்பீட்டு முறை உலகில் அரிதானது. நடிகர், இசைக்கலைஞர், மேடைத் தொழில்நுட்பப் பணியாளர் ஆகியோர் 12 மாதங்களில் 507 மணி நேரம் பணிபுரிந்திருந்தால், வேலையில்லாத நாள்களுக்கு உதவித்தொகை பெறலாம். மேடையேறும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சி 12 மணி நேரமாகக் கணக்கிடப்படுகிறது. அதாவது, ஆண்டுக்கு 43 நிகழ்ச்சிகள் கிடைத்தால் போதும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் பயன் பெறுகின்றனர். அவர்கள் செலுத்தும் பங்களிப்பைவிடப் பெறும் தொகை மிக அதிகம் என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம். கணக்கு சரிதான். ஆனால், அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதை அறிய, 1950-களின் பெரும் நட்சத்திரம் ஒருவரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெரார் பிலீப் 1922-ஆம் ஆண்டு டிசம்பர் 4-இல் கான் நகரில் பிறந்தார். தந்தை வசதி படைத்தவர். போர்க்காலத்தில் ஜெர்மானிய ஆதரவுக் கட்சியின் பக்கம் நின்றவர். போருக்குப் பின் அவர் இல்லாமலேயே விசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட, ஸ்பெயினில் தஞ்சமடைந்தார். மகனோ 1944 ஆகஸ்டில் பாரிஸ் நகர விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றார். மறு ஆண்டு ஆல்பெர் காம்யுவின் 'காலிகுலா' நாடகத்தில் பித்தேறிய பேரரசனாக நடித்துப் பாரிஸைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 1947-இல் வெளிவந்த, குளோத் ஒத்தான் லாரா இயக்கிய திரைப்படம் அவரை நட்சத்திரமாக்கியது. 1952-இல் 'ஃபான்ஃபான் லா துலீப்' வெளிவந்தபோது, வாள் சுழற்றும் அந்த இளைஞனை ஐரோப்பாவெங்கும் அறிந்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பொருளியல் மாணவனுக்கு ஆர்வம் பிறக்கிறது. ஷெர்வின் ரோசன் 1981-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நட்சத்திரங்களின் வருவாய் ஏன் அவர்களின் திறமையை விஞ்சி நிற்கிறது என்பதை விளக்குகிறது. ஒருவரின் நடிப்பைக் கூடுதல் செலவின்றி லட்சக்கணக்கானோருக்குக் கொண்டுசெல்லத் தொழில்நுட்பம் உதவும்போது, திறமையில் சிறிதளவே உயர்ந்தவருக்கும் சந்தையின் பெரும் பங்கு போய்ச் சேர்கிறது. திரைப்படச் சுருள் செய்த வேலை அதுதான். பிலீப் அந்தச் சந்தையின் உச்சியில் இருந்தார்; கேட்ட தொகையைத் தர ஆள்கள் இருந்தார்கள்.

நாடக இயக்குநர் ழான் விலார் முதலில் அழைத்தபோது, துன்பியல் நாடகத்துக்குத் தாம் ஏற்றவரல்லர் என்று பிலீப் மறுத்திருந்தார். பின்னர் தாமே அவரைத் தேடிச் சென்று வாய்ப்புக் கேட்டார். 1951 ஜூலையில் அவிஞோன் நகரில், பழைய போப்பாண்டவர் அரண்மனையின் திறந்த முற்றத்தில், கொர்னேயின் 'லெ சித்' நாடகத்திலும் கிளைஸ்ட் எழுதிய ஹொம்பர்க் இளவரசன் நாடகத்திலும் நடித்தார். அதே ஆண்டு விலார் தேசிய மக்கள் அரங்கின் பொறுப்பை ஏற்றதும் அக்குழுவில் சேர்ந்தார். குழுவில் மற்றவர்களுக்கு என்ன ஊதிய விதியோ அதுவே அவருக்கும். சுவரொட்டியில் பெயர்கள் அகர வரிசையில் அச்சிடப்பட்டன. பிலீப்பின் பெயரும் அந்த வரிசையில்தான்.

குழுவுக்குரிய ஷையோ மாளிகை அப்போது ஐ.நா. பொதுச் சபைக் கூட்டத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே, 1951 நவம்பரில் பாரிஸின் புறநகரான சுரேனில் தொடக்க நிகழ்ச்சிகள் நடந்தன. நுழைவுச்சீட்டின் விலை குறைவு. இருக்கை காட்டுபவருக்கும் மேலங்கியை வாங்கி வைப்பவருக்கும் அன்பளிப்பு தரும் வழக்கம் ஒழிக்கப்பட்டது. மறுநாள் காலை வேலைக்குச் செல்ல வேண்டியவர்களுக்காக நாடகம் முன்னதாகவே தொடங்கியது. விலாரின் 12 ஆண்டுக் காலத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாடகங்களைக் கண்டனர். அரசு மானியம் உண்டு. ஆனால், நட்டம் வந்தால் இயக்குநரே அதற்குப் பொறுப்பு என்பது ஒப்பந்தம். இப்படியொரு நிபந்தனையில் எந்தப் பொதுத்துறைத் தலைவர் இன்று கையெழுத்திடுவார்?

இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது எளிது. பிரான்ஸில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. பிலீப்பால் குறைந்த ஊதியத்தில் மேடையேற முடிந்ததற்குக் காரணம், திரைப்படம் அவருக்கு வேறு வழியில் ஊதியம் தந்ததுதான். பொருளியல் மொழியில் சொன்னால், திரைச் சந்தையிலிருந்து மேடைக்கு ஒருவர் தம் கைப்பணத்தால் மானியம் வழங்கினார். அவர் அருகில் ஈட்டி ஏந்தி நின்ற துணை நடிகருக்கு அத்தகைய இரண்டாவது சந்தை இல்லை. ஒரு நட்சத்திரத்தின் பெருந்தன்மையை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது.

அவரும் இதை உணர்ந்திருக்க வேண்டும் என்றே அவருடைய பிற்கால நடவடிக்கைகள் எண்ண வைக்கின்றன. 1957-இல் நடிகர்களின் தேசியக் குழுவுக்குத் தலைவரானார். அவ்வாண்டு இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'நடிகர்கள் நாய்கள் அல்லர்' என்பது. பிளவுபட்டிருந்த சங்கங்களை இணைத்து 1958-இல் உருவான பிரெஞ்சு நடிகர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் சங்கத்தின் பேச்சுவார்த்தை மேசைகளில் நேரத்தைச் செலவிட்டார். மேடையில் தம் ஊதியத்தை விட்டுக்கொடுத்ததைவிட இது பெரிய செயல் என்று கருதுகிறேன். முன்னது அவரோடு முடிந்துவிடக் கூடியது.

முடிந்தும்விட்டது. 1959 நவம்பர் 25-இல், 37 வயது நிறைவதற்குச் சில நாள்கள் முன்பு, கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். 'லெ சித்' நாடகத்தில் ரொத்ரிக்காக அணிந்த உடையிலேயே ரமத்துயெல் என்ற சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

சங்கம் நின்றது. வேலையின்மைக் காப்பீட்டில் தொழில்நுட்பப் பணியாளருக்கும் மேடைக் கலைஞருக்குமான தனி விதிகள் 1960-களில் உருவாயின. 1969 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், ஊதியத்துக்காக மேடையேறும் கலைஞர், வேறு வகையில் நிறுவப்படாத வரை, ஊதியத் தொழிலாளியே என்று அறிவித்தது. செயலி வழி வேலை பெறுவோர் தொழிலாளர்களா அல்லரா என்று உலகம் இன்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விக்கு, ஒரு துறையிலேனும் அப்போதே விடை கிடைத்துவிட்டது. 1985-இல் பதிவு செய்யப்பட்ட நடிப்பின் மீதும் கலைஞருக்கு உரிமை வழங்கப்பட்டது. இவையெல்லாம் பிலீப் தந்தவை என்பது மிகை. பலருடைய உழைப்பு இதில் உண்டு.

இந்த விதிகளுக்குப் பொருளியல் அடிப்படை தந்தவர், பிலீப் பிறந்த அதே 1922-இல் பிறந்த அமெரிக்க அறிஞர் வில்லியம் பௌமோல். வில்லியம் போவெனுடன் சேர்ந்து 1966-இல் வெளியிட்ட நூலில் அவர் சொன்னது எளிமையான உண்மை. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் உழைப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. நால்வர் இசைக்கும் படைப்புக்கு இன்றும் நால்வர் வேண்டும், அதே நேரமும் வேண்டும். இதை வகுப்பில் விளக்கும்போது, முகூர்த்தத்துக்கு நாகசுரத்தை இருமடங்கு வேகத்தில் வாசித்து உற்பத்தித்திறனைக் கூட்டலாமா என்று கேட்பேன்; மாணவர்கள் சிரித்துப் புரிந்துகொள்வார்கள். பிற துறைகளில் ஊதியம் உயர உயர, நிகழ்கலையின் செலவும் உயர்ந்தே தீரும். அதை நுழைவுச்சீட்டின் விலை தாங்க வேண்டும். இல்லையேல் அரசு, அதுவும் இல்லையேல் கலைஞரின் வயிறு.

மானியத்தை ஓர் ஆணையால் நிறுத்திவிடலாம். 2024 அதைக் காட்டியது. காப்பீட்டு உரிமையை அப்படித் தொட முடிவதில்லை. 2003-இல், 507 மணி நேரத்தை 12 மாதங்களுக்குப் பதிலாகப் பத்து, பத்தரை மாதங்களுக்குள் எட்ட வேண்டும் என்று விதியை இறுக்கியபோது கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டு அவிஞோன் விழாவே ரத்தானது. 2016-இல் 12 மாதக் கணக்கு மீண்டது.

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒரு பகுதியை மறுப்பதற்கில்லை. ஆண்டு முழுவதும் தேவைப்படும் ஊழியரைச் சில தயாரிப்பு நிறுவனங்களும் தொலைக்காட்சிகளும் துண்டு துண்டான ஒப்பந்தங்களில் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நாள்களின் ஊதியத்தைக் காப்பீட்டு நிதியின் தலையில் கட்டிவிடுகின்றன. அங்கே உதவி பெறுபவர் கலைஞரல்லர், முதலாளி. ஒரே நபரைத் திரும்பத் திரும்பக் குறுகிய ஒப்பந்தத்தில் அமர்த்தும் நிறுவனத்திடம் கூடுதல் பங்களிப்பு வசூலித்தால், பற்றாக்குறையின் ஒரு பகுதியேனும் அதை உண்டாக்கியவரிடமே திரும்பிச் செல்லும். 507 மணி நேர வரம்பை உயர்த்தினாலோ, 43 நிகழ்ச்சிகளுக்கே ஊர் ஊராக அலையும் நாடக நடிகர்தான் முதலில் வெளியேற்றப்படுவார்.