எக்ஸ்சேஞ்ச்னு ஒரு கண்கட்டு வித்தை

ரொம்ப நாள் கழிச்சு ஒரு புலம்பல் பதிவு. பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க வீட்ல ஒரு கால் மெஷின் இருந்துச்சு. கருப்பு ஹெட், இரும்பு ஸ்டாண்ட், தோல் பெல்ட். அம்மா அதுல ஜாக்கெட் தைச்சுதான் என் காலேஜ் ஃபீஸ் கட்டினாங்க. இப்ப முட்டி வலி, மிதிக்க முடியல. மோட்டார் வச்ச புது மெஷின் வாங்கிடலாம்னு வானகரத்துல இருந்து கிளம்பி, பூந்தமல்லி ஹைரோட்டுல ஒரு கடைக்குப் போனோம். பேர் வேண்டாம்.

"லேபிள் விலை 12,500 சார். பழசைக் குடுத்தா 1,500 கழிச்சு 11,000."

அம்மா முகத்துல அவ்ளோ சந்தோஷம். "பரவால்லயேப்பா, பழசுக்கு 1,500 குடுக்கறாரே"ன்னாங்க. பழசை ஏத்தி விட்டாச்சு, புதுசு வந்தாச்சு.

அடுத்த வாரம் அம்பத்தூர்ல வேற வேலையாப் போனப்ப, சும்மா ஒரு கடையில அதே மாடல் விலை கேட்டேன். பழசு எதுவும் இல்லன்னும் சொன்னேன். "11,100 குடுங்க சார்"னு பட்டுனு சொன்னார்.

ஆக, அம்மாவோட மெஷினுக்கு நிஜமாக் கிடைச்சது நூறு ரூபா! அந்த ஸ்டாண்டை மட்டும் காயலான் கடையில எடைக்குப் போட்டிருந்தாலே இதைவிடத் தேறியிருக்கும்.

வயித்தெரிச்சல் இதோட முடியல. ரெண்டு வாரம் கழிச்சு பாபின் வாங்க அம்மாவோட அதே கடைக்குப் போனேன். வாசல்ல பளபளன்னு ஒரு 'ரீகண்டிஷன்' மெஷின், விலை 4,500. அம்மா குனிஞ்சு ஊசித் தட்டைப் பாத்தாங்க. அரை இஞ்ச் அளவுக்கு அவங்க ஆணியால கீறி வச்ச கோடு அப்படியே இருக்கு. ஹெட்டுக்கு பெயிண்ட் அடிச்சவங்க தட்டை மாத்தல. அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு நின்னு விலை குறைக்கச் சொல்லிக் கெஞ்சிட்டு இருந்தாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுட்டு வீட்லயே தைக்கப் போறாங்களாம். "நல்லா ஓடும்மா, பயப்படாம வாங்கு"ன்னு அம்மா சொன்னாங்க. நான் வாயே திறக்கல. அது இன்னும் உறுத்துது.

"வியாபாரின்னா லாபம் பாக்க மாட்டானா?"ன்னு கேப்பீங்க. பாக்கட்டும் சாமி, யார் வேண்டாம்னா? ஷட்டில், பெல்ட், பெயிண்ட், மெக்கானிக் கூலின்னு தாராளமா 1,500 வச்சுக்கோங்க. எங்களுக்குக் குடுத்த நூறையும் கழிங்க. மிச்சம் 2,900. கடை வாடகை, கரண்ட் பில் அதுலதான்னா நியாயம்தான். புது மெஷின்ல பெருசா ஒண்ணும் நிக்காதுன்னு கடைக்காரங்க சொல்றதையும் நம்பறேன். என் கோபம் லாபத்து மேல இல்ல. எல்லாருக்கும் குடுக்கற தள்ளுபடியை, உன் பழசுக்கான விலைன்னு சொல்லி ஏமாத்தறதுலதான்.

இது ஒண்ணும் புது வித்தையும் இல்ல. 1850கள்லயே அமெரிக்காவுல சிங்கர் கம்பெனி பார்ட்னர் எட்வர்ட் கிளார்க், பழைய மெஷினைக் குடுத்தா 50 டாலர் கழிவுன்னு அறிவிச்சார். வந்த பழசையெல்லாம் உடைச்சுப் போட்டாங்க. செகண்ட் ஹேண்ட் சந்தையே இருக்கக் கூடாதுங்கறதுதான் திட்டம். நம்ம ஆளுங்க உடைக்கறதில்ல. அந்த மட்டும் நல்லவங்க.

நம்ம ஜிஎஸ்டி விதிகள் (2017) இதுல ரொம்பத் தெளிவு. விதி 27-ல ஒரு உதாரணமே இருக்கு: பழைய போனோட சேத்து 20,000-க்குத் தர்ற புது போன், பழசு இல்லாம 24,000-ன்னா, புதுசோட மதிப்பு 24,000. அதாவது பழசு இல்லாம என்ன விலைங்கறதுதான் அளவுகோல். விதி 32(5)-ன்படி பழைய பொருள் விக்கறவர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினாப் போதும். அப்ப வாங்கின விலைன்னு ஒண்ணு கணக்குல இருந்தாகணும் இல்லையா? எங்க பில்லுல பழைய மெஷின் பத்தி ஒரு எழுத்து கூட இல்ல. '11,000', அவ்ளோதான்.

அதனால மக்களே, பழசு இருக்குன்னு முதல்லயே சொல்லாதீங்க. ரொக்க விலை என்னன்னு பேசி முடிங்க. அப்புறமா "ஒரு பழசு இருக்கு, அதுக்கு எவ்ளோ?"ன்னு கேளுங்க. பில்லுல ரெண்டையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. மாட்டேன்னா, தெருவுல தைக்கக் கத்துக்கற பொண்ணு யாருக்காவது நேரா வித்துடுங்க. 2,000-க்குக் குடுத்தாக்கூட உங்களுக்கும் லாபம், அவங்களுக்கும் லாபம்.

வீட்டுக்கு வர்ற வழியில அம்மா ஒண்ணுதான் சொன்னாங்க. "போகட்டும்ப்பா. அந்தக் கோடு அந்தப் பொண்ணுக்கும் உதவும்."

எனக்குத்தான் அவ்ளோ பெரிய மனசு இல்ல. அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நியாயமா விலை போடற கடைக்காரங்களும் இருக்காங்க. இது அவங்களுக்கு இல்ல. உங்க எக்ஸ்சேஞ்ச் அனுபவத்தைப் பின்னூட்டத்துல கொட்டுங்க :-)