திரும்பி வந்த மடலை யார் பிரிப்பது?

சிற்றிதழ் நடத்தியோர் அனைவரும் திரும்பி வந்த பிரதிகளைக் கையிலேந்தியவர்களே. 'விலாசதாரர் இல்லை' என்று தபால்காரர் உறைமேல் எழுதியிருப்பார். மனம் நோகும், ஆயினும் செய்தி தெரிந்துவிடும். ஏரல் போன்ற சிற்றூரிலும் அஞ்சல்துறை காத்த நாணயம் அது. இன்றைய இணையதளங்கள் பல அந்த நாணயத்தைக் கைவிட்டுவிட்டன என்பதே நம் குற்றச்சாட்டு.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஏரலுக்குள் புகுந்தபோது நம் மாணவர் ஒருவரின் சான்றிதழ்கள் நனைந்து கூழாயின. நகல் வேண்டி ஓர் இணையதளத்தில் விண்ணப்பித்தார். 'விவரம் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டது' என்றது திரை. தந்த முகவரியில் ஓர் எழுத்துப் பிழை. மூன்று வாரம் காத்திருந்து நேரில் சென்று கேட்டபோதும், "அனுப்பியாயிற்றே" என்பதே பதில்.

எங்கே அனுப்பினார்கள்? இணையதளத்தை இயக்கும் வழங்கி, மடலை அடுத்திருக்கும் அஞ்சல் வழங்கியிடம் ஒப்படைத்ததோடு சரி. அப்படியொரு பெட்டியே இல்லையென்றால், பெறும் பக்கம் 550 என்ற எண்ணைச் சொல்லி மறுத்துவிடும். தடங்கல் தற்காலிகமானதென்றால் 4-இல் தொடங்கும் எண் வரும். அப்போது நான்கைந்து நாள் விடாமல் முயலவேண்டும். மடலை ஏற்றுக்கொண்ட வழங்கி அதைச் சேர்ப்பிக்கவேண்டும். இயலாவிடில் அனுப்பியவருக்குத் தெரிவிக்கவேண்டும். 1982-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 821 முதல் 2008-இன் ஆர்.எஃப்.சி. 5321 வரை வகுத்திருக்கும் கடமை இது.

ஆக, நுட்பத்தில் குறையில்லை. தோல்விச் செய்தி ஒழுங்காகத் திரும்பி வருகிறது. 'பதில் எழுதாதீர்' என்று பெயர் சூட்டி, ஒருவரும் திறவாத பெட்டியொன்றில் அது போய் விழுகிறது.

'முகவரியைப் பிழையாகத் தந்தவர்தானே குற்றவாளி?' என்பார்கள். பிழை மாணவருடையதே, மறுக்கவில்லை. ஆனால் அப்பிழை வெளிப்பட்ட இடம் அவர்களுடைய வழங்கி. மாணவருக்கு அதை அறிய வழியேது? விளம்பர மடல் அனுப்புவோரைப் பாருங்கள்: திரும்பிய முகவரிகளைக் கவனமாக நீக்குகிறார்கள், தம் மடல்கள் குப்பையென ஒதுக்கப்படும் என்ற அச்சத்தால். விற்பவனுக்கு இருக்கும் கவலை, சான்றிதழ் வழங்குவோருக்கு இருக்கக்கூடாதா?

நாம் கேட்பது பெரிதல்ல. திரும்பிய மடலை விண்ணப்ப எண்ணோடு சேர்த்துப் பதியுங்கள். அடுத்த முறை அவர் உள்நுழையும்போது அதைக் காட்டுங்கள்; கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி விடுங்கள். அதுவரை 'அனுப்பப்பட்டது' என்ற சொல்லைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள், அது உண்மையல்ல.