வழிநூலும் முதல்நூலும்: ஒரு பேருந்தை முன்வைத்து

சென்ற பருவத்தில் ஒரு நாள், இளநிலைக் கணினி அறிவியல் மாணவர்களுக்குப் பொதுத்தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். நன்னூலின் நூல்வகைப் பகுதி. கடைசி வரிசையில் ஒருவர் மேசைக்கடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தோம். திரையில் ஒரு பேருந்து. நம் விழுப்புரம் கோட்டத்துப் பேருந்தேதான். நெற்றியில் ‘திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை’ என்ற பலகை. ஆனால் அது ஓடிக்கொண்டிருந்த சாலை இந்தோனேசியச் சாலை.

“இது என்ன தம்பி?” என்றோம். “நான் செய்த மாட் ஐயா” என்றார். ஆட்டத்தை உருவாக்கியவர் வேறொருவர், அதில் பேருந்தை மட்டும் தாம் மாற்றியிருப்பதாக விளக்கினார். “அடுத்தவர் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலைதானே?” என்று கேட்டுவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அன்று நாம் நடத்திய பாடமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுக்கிறது நன்னூல். முதல்நூலின் கருத்தோடு பெரிதும் ஒத்துச் சென்று, பின்னால் வந்தவர் தாம் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். நன்னூலே தொல்காப்பியத்துக்கு வழிநூல். வான்மீகத்தை முன்வைத்துப் பாடிய கம்பரை நாம் சுண்ணாம்பு அடித்தவர் என்று சொல்வதில்லை. ஆக, பிறர் ஆக்கிய ஆட்டத்துக்குள் தன் ஊர்ப் பேருந்தை ஓட்டிய இளைஞரும் ஒரு வழிநூலாசிரியரே. அளவில் சிறியவர், வகையில் அதே வகை.

அறியாத வாசகர்களுக்குச் சிறு விளக்கம். இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற கைப்பேசி ஆட்டம், ஆடுபவர் தாமே செய்த வாகனங்களையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. தமிழ்நாட்டு, கேரள இளைஞர்கள் தத்தம் ஊர்ப் பேருந்துகளை அதில் ஏற்றினார்கள். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் வண்டியின் உருவத்தைச் சமைத்து, வண்ணம் பூசி, ஆட்டம் ஏற்கும் கோப்பாகக் கட்டுவார்கள். இத்தகைய மாற்றமைப்புகளுக்கே ‘மாட்’ என்று பெயர்.

சில வாரங்கள் கழித்து அந்த மாணவர் நம் அறைக்கு வந்தார். விளையாட்டு நிரலாளர் ஆகவேண்டும் என்பது அவர் கனவு. தந்தை அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். கடன் வாங்கிப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். இரவு மூன்று மணிநேரம் மாட் வேலையில் போகிறது. கணிதத்தில் இரண்டு அரியர். “மாட் செய்வதை விட்டுவிடட்டுமா ஐயா?” என்று கேட்டார். வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

விட்டுவிடு என்பது எளிய விடை, பிழையான விடையும்கூட. உலகில் இக்கலை வளர்ந்ததே இவ்வழியில்தான். 1993-இல் வந்த ‘டூம்’ ஆட்டத்தில் படம், ஒலி, களவரைபடம் ஆகியவை நிரலிலிருந்து பிரித்துத் தனிக்கோப்பில் வைக்கப்பட்டிருந்ததால், ஆடியவர்கள் தாமே புதிய களங்களை வரைந்தார்கள். 1999-இல் ‘ஹாஃப் லைஃப்’ ஆட்டத்தின் மாட்டாகத் தொடங்கிய ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’, மறு ஆண்டே வால்வ் நிறுவனத்தின் தனி ஆட்டமாகக் கடைக்கு வந்தது. அதை உருவாக்கிய இருவருள் ஒருவரான மின் லீ, அப்போது கனடாவில் கணினி அறிவியல் மாணவர்.

ஆனால் இக்கதைகளைச் சொல்லி ஊக்கமூட்டுவதோடு நிறுத்தினால் நாம் அந்த மாணவரை ஏமாற்றியவர்கள் ஆவோம். அயர்லாந்தின் பிரெண்டன் கிரீன் ‘ஆர்மா’ ஆட்டத்தை மாற்றியமைத்துப் புகழ்பெற்று, 2017-இல் ‘பப்ஜி’ வரை வந்தார். அவர் கொரிய நிறுவனத்தில் ஏற்றது படைப்பு இயக்குநர் பொறுப்பு. மாட் ஒரு கதவைத் திறக்கும். அது எந்த அறையின் கதவு என்று பார்க்கவேண்டும். பேருந்து மாட்டில் மாணவர் செய்வது பெரும்பாலும் உருவமும் வண்ணமும். வண்டியை ஓடவைக்கும் நிரலோ மூல ஆட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் நாற்பது பேருந்துகள் செய்தவர் நல்ல சிற்பி ஆகலாம். ஒரு வரி நிரலும் எழுதாதவர் நிரலாளர் ஆகமாட்டார்.

இங்கேதான் கணிதம் வருகிறது. அணி என்றால் நமக்கு உவமையணி, உருவக அணி. அவர் பாடத்தில் அணி என்பது எண்களின் கட்டம். செஞ்சிக் கூட்டுரோட்டில் பேருந்து திரும்பும்போது அதன் ஒவ்வொரு புள்ளியும் புதிய இடத்துக்குப் போவது அந்தக் கட்டங்களைப் பெருக்குவதால்தான். அவர் அரியர் வைத்திருக்கும் பாடமே அவருடைய பேருந்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது ஆசிரியர்களாகிய நம் குறை.

எனவே நாம் சொன்னது இது. மாட்டை விடவேண்டாம், வகையை மாற்றுங்கள். நிரல் எழுதினால்தான் இயங்கும் மாட்களும் உண்டு. ‘மைன்கிராஃப்ட்’ ஆட்டத்தின் ஜாவா பதிப்புக்கு அத்தகையவை ஏராளம். ‘டூம்’ ஆட்டத்தின் மூலநிரல் 1997 முதல் பொதுவில் கிடைக்கிறது. உரையோடு நூல் பயில்வதுபோல் வரிவரியாகப் படிக்கலாம். கோடாட் என்னும் ஆட்டப்பொறி 2014 முதல் கட்டணமின்றித் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அதில் ஒரே ஒரு திரை கொண்ட சிற்றாட்டம் ஒன்றைச் சொந்தமாகச் செய்து முடியுங்கள். முடிப்பதுதான் முக்கியம்.

நேரம்? மாட்டுக்கு உடனே பாராட்டு வருகிறது. பதிவேற்றிய இரவே நூறுபேர் இறக்கிக்கொள்கிறார்கள். பாதி முடிந்த சொந்த ஆட்டத்தையோ அரியர் கணக்கையோ யாரும் பாராட்டுவதில்லை. பாராட்டு உள்ள வேலை தானே நம்மை இழுத்துக்கொள்ளும். பாராட்டில்லாத வேலைக்குத்தான் மணி குறித்து வைக்கவேண்டும். ஆகவே வாரநாள் இரவுகளில் முதலில் கணக்கு, பிறகு சொந்த ஆட்டம். மாட்டுக்குச் சனியும் ஞாயிறும்.

இன்னொன்றும் சொன்னோம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் நம் செஞ்சியிலிருந்து போனவை. அவற்றின் அருகே நின்று படமெடுப்பவர்களுள் எத்தனைபேர் செஞ்சியை நினைக்கிறார்கள்? பிறர் செய்த உருவத்தை எடுத்தாளும்போது செய்தவர் பெயரைச் சொல்லவேண்டும். வழிநூல் செய்பவர்க்கு அதுவே முதல் ஒழுக்கம்.

இத்துறையில் வேலை நிலையற்றது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். உண்மைதான். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் மட்டுமே தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. பட்டத்தை முடிக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு அதுவும் காரணம். நிரலும் கணிதமும் கற்றவர்க்கு வேறு வாயில்களும் திறக்கும். பேருந்துக்கு வண்ணம் பூச மட்டும் கற்றவர்க்கு அவை குறைவு.

தமிழில் முதல்நூல் வராமலும் இல்லை. கனடாவின் டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-இல் ‘வெண்பா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி முதலான உணவுகளைச் சமைப்பதே ஆட்டம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாக அது தெரிவுசெய்யப்பட்டது. நம் வீட்டுச் சமையலறை ஆட்டமாகும் என்றால் செஞ்சிப் பேருந்து நிலையமும் ஆகும்.

சென்ற மாதம் அவர் மீண்டும் வந்தார். ஓர் அரியர் தீர்ந்திருந்தது. மடிக்கணினியில் சொந்த ஆட்டத்தைக் காட்டினார். மூன்றே நிறுத்தங்கள், பயணிகளை ஏற்றி இறக்கவேண்டும். வண்டி கட்டமாக இருந்தது, வண்ணம்கூடப் பூசவில்லை. நாம் ஓட்டியபோது பேருந்து நிலையத்துச் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டது. “அது இன்னும் சரியாகவில்லை ஐயா” என்று குறித்துக்கொண்டார்.

அன்று வகுப்பில் சொன்ன சுண்ணாம்புப் பேச்சுக்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார். இவ்வாண்டு நன்னூல் வகுப்பில் வழிநூலுக்கு எடுத்துக்காட்டாகக் கம்பரோடு அந்தப் பேருந்தையும் சொல்வதாக இருக்கிறோம்.