நாய்தானே, வேற வாங்கிக்கலாம்!

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் ஷாமியானா போடுகிறோம். பக்கத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி வருகிறது. ஆபீஸில் கேட்காமலே லீவு கிடைக்கிறது. பால் தெளிப்பது, பதினாறாம் நாள் காரியம் என்று துக்கத்துக்கே தேதி குறித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்க வழி பண்ணி வைத்திருக்கிறோம்.

அதே தெருவில் இன்னொருவர் இருப்பார். எட்டு வருஷமாக வளர்த்த நாய், தீபாவளி ராத்திரி சரவெடிக்கு மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடியது, திரும்பவில்லை. கையில் செல்போன் போட்டோவை வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாக விசாரிக்கிறார். அவருக்கு நாம் கொடுப்பது ஒரே ஒரு வாக்கியம்தான்.

“நாய்தானே சார், விடுங்க. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்!”

ஆறுதல் என்ற பெயரில் தமிழில் சொல்லப்படுகிற மோசமான வாக்கியங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் தரலாம் என்பது என் கட்சி. சொல்பவர் கெட்டவர் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. மூன்றுமே தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ‘நாய்தானே’.

ஜப்பானில் ஹச்சிகோ என்று ஒரு நாய் இருந்தது. டோக்கியோவில் வேலை பார்த்த ஒரு பேராசிரியரின் நாய். தினமும் சாயங்காலம் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் எஜமானரை அழைத்து வரும். 1925 மே மாதம் பேராசிரியர் வேலை செய்த இடத்திலேயே இறந்துவிட்டார். நாய்க்கு அது தெரியாது. 1935 மார்ச்சில் தான் சாகும் வரை, ஏறக்குறைய பத்து வருஷம், அதே ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்தது. உயிரோடு இருக்கும்போதே, 1934-ல், அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். உலகமே அந்தக் கதையைக் கேட்டு உருகியது. சினிமாவாக எடுத்தார்கள். நாமும் பார்த்து மூக்கைச் சிந்தினோம்.

மனிதனுக்காக ஒரு நாய் காத்திருந்தால் சிலை. நாய்க்காக ஒரு மனிதன் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தால் “பைத்தியமா இந்த ஆளு?” இது என்ன நியாயம்?

ஜப்பான் வரை போக வேண்டாம். மகாபாரதத்தில் தர்மர் சொர்க்கத்தின் வாசல் வரை போய்விட்டு, கூட வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று நிற்கிறார். உபன்யாசத்தில் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள்தான், அடுத்த வீட்டுக்காரர் கண் கலங்கினால் ‘நாய்தானே’ என்கிறார்கள்.

அதுவும் வேண்டாம், மதுரைப் பக்கம் போங்கள். ஜல்லிக்கட்டு முடிந்த அன்றைக்கு எல்லா மாடும் வீடு திரும்பிவிடுவதில்லை. வாடிவாசலைத் தாண்டிய வேகத்தில், கூட்டத்துக்கு மிரண்டு காட்டுப் பக்கம் ஓடிப்போகிற காளைகள் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் பைக்கில் ஊர் ஊராகத் தேடுவார்கள். கிணறு கிணறாக எட்டிப் பார்ப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் யாராவது ‘மாடுதானே’ என்று சொல்லிப் பார்க்கட்டும், முழுசாகத் திரும்பி வருகிறார்களா பார்க்கலாம்! அந்தக் கிராமத்துக்குத் தெரிந்தது, அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் நமக்கு ஏன் மறந்துபோனது?

யாருக்கு இது ‘நாய்தானே’ இல்லை என்று கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, காலையில் எழுந்ததும் பேச ஒரே ஜீவனாக அதை வைத்திருக்கும் பாட்டிக்கு. ஸ்கூலில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையனுக்கு. ராத்திரி தள்ளுவண்டியை மூடிவிட்டு மிச்ச இட்லியைப் போட்டு ஒரு தெருநாயைத் துணைக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கு. நாய் சின்ன விஷயம் என்பது நிறைய மனிதர்கள் கூட இருப்பவர்களின் அபிப்பிராயம்.

இரண்டாவது, ‘விடுங்க’.

எப்படி விடுவது? செத்துப்போயிருந்தால் புதைத்துவிட்டு அழலாம். காணாமல் போனதற்கு எதை வைத்து அழுவது? அழுதால் அது செத்துவிட்டது என்று நாமே முடிவு கட்டிய மாதிரி. அழாமல் இருந்தால் நெஞ்சு வெடிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எங்கோ ஒரு நாய் குரைத்தால் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி எடுத்து வைக்கவும் முடியவில்லை, அங்கேயே கிடக்கட்டும் என்று விடவும் முடியவில்லை.

இந்த வேதனைக்குப் பெயர் இருக்கிறது. பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தார். புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத மனைவிகள். இந்த மாதிரி முடிவு தெரியாத இழப்பு, மரணத்தைவிடச் சிக்கலானது, மனசை நடுவழியில் நிறுத்திவிடுகிறது என்று அவர் எழுதினார். 1999-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். சிப்பாயையும் நாயையும் ஒரே தராசில் வைக்கவில்லை. வலியின் அளவு வேறு, ஆனால் அது வேலை செய்கிற விதம் ஒன்றுதான். கென்னத் டோகா என்ற இன்னொரு அமெரிக்கர், சமூகம் அங்கீகரிக்க மறுக்கும் துக்கத்தைப் பற்றி 1989-ல் எழுதினார். அழ உரிமை இல்லை என்று ஊர் சொல்லிவிட்டால், துக்கத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. நாயைத் தொலைத்தவருக்கு இரண்டும் ஒரே நாளில் வருகிறது.

மூன்றாவதாகக் குற்ற உணர்ச்சி. “கேட்டை யாரு திறந்து விட்டது?” என்ற கேள்வி அந்த வீட்டில் புகுந்தால், புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுவிடும். கடைசியில் பழி எங்கே போய் விழும் தெரியுமா? வேலை செய்கிற அம்மா மேல், இல்லாவிட்டால் வாட்ச்மேன் மேல். பதில் பேச முடியாதவர்கள் அவர்கள்தானே!

தவிர, ‘விடுங்க’ என்பது விஷயம் தெரியாத யோசனையும்கூட. அமெரிக்காவில் 1,015 வீடுகளில் விசாரித்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், தொலைந்த நாய்களில் 93 சதவிகிதமும் பூனைகளில் 75 சதவிகிதமும் திரும்பக் கிடைத்திருந்தன. நாய்கள் பெரும்பாலும் கிடைத்தது இரண்டு விதத்தில். ஒன்று, அக்கம்பக்கத்தில் கால் நடையாகத் தேடியது. இன்னொன்று, அதுவே திரும்பி வந்தது. பூனைகளைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வு இன்னும் ருசிகரமானது. கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. பயந்த பூனை ஓடாது. படிக்கட்டு அடியில், தண்ணீர் டேங்க் பின்னால், பக்கத்து வீட்டு ஷெட்டில் சத்தம் காட்டாமல் பதுங்கியிருக்கும். நாம் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது.

அது அமெரிக்கக் கணக்கு, நம்ம ஊர் டிராஃபிக்குக்கு அப்படியே பொருந்தாது என்பீர்கள். சரி. ஆனால் தேடுவது வீண் வேலை இல்லை என்பதற்கு இது போதும். தேடுவதுதான் அந்த மனசுக்கு முதல் மருந்தும். கை கால் ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு கொஞ்சம் தாங்கும். தேடப் போகிறவரைத் தடுத்து உட்கார வைத்து ‘விடுங்க’ என்பவர், மருந்தைத் தட்டிவிடுகிறார்.

மூன்றாவது, ‘வேற வாங்கிக்கலாம்’.

இதுதான் மூன்றிலும் மோசம். செல்போன் தொலைந்தால் வேற வாங்கலாம், சிம்கூட அதே நம்பரில் கிடைக்கும். உயிர் அப்படியா? இதைப் பெரியவரிடம் சொல்வதைவிடக் குழந்தையிடம் சொல்வது கொடுமை. நேற்றுவரை கட்டிப்பிடித்துத் தூங்கிய ஒன்றை இன்று மாற்றிக்கொள்ளலாம் என்றால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? நானும் தொலைந்துபோனால் அப்பா அம்மா வேற வாங்கிக்கொள்வார்கள் என்பதைத்தானே? இன்னும் சிலர், “நம்ம நாய் கிராமத்துல மாமா தோட்டத்துல இருக்கு கண்ணு” என்று கதை கட்டுகிறார்கள். லீவில் அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னால் என்ன செய்வார்கள்? “எங்க இருக்குன்னு எங்களுக்கும் தெரியலடா. தேடிக்கிட்டு இருக்கோம். நீயும் வா” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். பொய் என்று பிற்பாடு தெரிவதைத்தான் தாங்க மாட்டார்கள்.

இந்த ‘வாங்கிக்கலாம்’ புத்தி நம் சட்டத்திலும் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் “மனுஷனையே தேட ஆள் இல்ல, நாய்க்கு கம்ப்ளெய்ன்ட்டா?” என்று சிரிப்பார்கள். அவர்கள் வேலைப்பளு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் வீட்டு நாயை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனால் அது திருட்டு, அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் எங்கே தெரியுமா? 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டங்களில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடினால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது. லட்ச ரூபாய் வெளிநாட்டு நாய்க்கு எஃப்.ஐ.ஆர். உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு மார்க்கெட் விலை என்ன? பூஜ்யம். அன்பு எத்தனை வருஷம் என்று சட்டம் கேட்பதில்லை, ரேட் என்ன என்று கேட்கிறது.

இன்னொரு ரேட்டும் சொல்கிறேன். வளர்த்து அலுத்துப்போய், பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டு வந்து “காணாமப் போச்சுங்க” என்று சொல்லும் மகானுபாவர்கள் உண்டு. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பிராணியைப் பசி தாகத்தில் தவிக்கும்படி அநாதையாக விடுவது குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், இன்றைக்கும் அதுதான். ஒரு பிளேட் பானிபூரி விலைக்கு ஓர் உயிரைக் கைகழுவலாம்.

இப்போது எதிர்க் கேள்வி வரும். தெரியும். “மனுஷனுக்கே சோறில்லாத நாட்டுல நாய்க்கு அழுவீங்களா? தெருநாய் கடிச்சு குழந்தைங்க சாகுதே, அது கண்ணுக்குத் தெரியலையா?”

தெரிகிறது. ரேபிஸ் வந்தால் பிழைப்பது அரிது என்பதும், கடிபடுவதில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் நிறைய என்பதும் தெரிகிறது. அதனால்தான் ஒவ்வொரு நாய்க்கும் தடுப்பூசியும் லைசென்ஸும் அடையாளமும் வேண்டும் என்கிறேன். சொந்தக்காரர் யார் என்று தெரிந்த நாய் தெருவில் அலையாது, அலைந்தாலும் வீடு சேரும். இது நாய்க்கும் நல்லது, கடிபட வாய்ப்புள்ள குழந்தைக்கும் நல்லது. இரக்கம் என்பது ரேஷன் சர்க்கரை இல்லை, இங்கே போட்டால் அங்கே குறைந்துபோக. 2005-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது, வளர்ப்புப் பிராணியை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று வெள்ளத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். அதற்குப் பிறகுதான் 2006-ல், பேரிடர் மீட்புத் திட்டத்தில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. மனிதனைக் காப்பாற்றுவதற்கே அவன் நாயைக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது!

பிராணி வளர்ப்பவர்களுக்கும் நாலு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். தொலைந்த பிறகு கண்ணீர் விடும் உங்களில் எத்தனை பேர், நாயின் கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதியிருக்கிறீர்கள்? சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு லைசென்ஸோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உடனே “சிப் இருந்தா நாய் எங்க இருக்குன்னு போன்லயே தெரியும்” என்று கிளப்பிவிட்டார்கள். தெரியாது. அரிசி அளவில் தோலுக்கு அடியில் போடும் அந்தச் சிப்பில் பேட்டரியே கிடையாது. 15 இலக்க எண் ஒன்று இருக்கும், ஸ்கேனர் வைத்துப் படித்தால்தான் தெரியும். எனவே சிப்பும் வேண்டும், பட்டையும் வேண்டும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாயின் காது 40,000-க்கு மேலேயும் கேட்கும். தீபாவளி அன்று அதை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

தொலைந்தே போய்விட்டதா? ஆள் அடையாளம் சொல்லி, போட்டோவோடு நோட்டீஸ் ஒட்டுங்கள். கால்நடை மருத்துவமனைகளிலும் மாநகராட்சி நாய் மையத்திலும் நேரில் போய்ப் பாருங்கள். “உங்க நாய் எங்கிட்ட இருக்கு, முதல்ல பணம் அனுப்புங்க” என்பவனுக்கு நயாபைசா அனுப்பாதீர்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடமும் ஜோசியரிடமும் போகாதீர்கள். அவர்கள் விற்பது உங்கள் நாய் இருக்கும் திசையை அல்ல, உங்கள் நம்பிக்கையை உங்களுக்கே. தேட நேரம் வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். வாரங்கள் ஓடிய பிறகும் வராவிட்டால், ‘வரலாம், வராமலும் போகலாம்’ என்ற இரண்டையும் மனசில் சேர்த்தே வைத்துக்கொள்ளப் பழக வேண்டும் என்கிறார் பாலின் பாஸ். கதையை முடித்து முற்றுப்புள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் விரட்டத் தேவையில்லை. தட்டை எடுத்து வைப்பதா வேண்டாமா என்பதும் உங்கள் இஷ்டம். ஊருக்கு அதில் வேலை இல்லை.

ஊருக்கு வேறொரு வேலை இருக்கிறது. அடுத்த முறை உங்கள் தெருவில் யாராவது செல்போனை நீட்டி, “இந்த நாயப் பாத்தீங்களா?” என்று கேட்டால், தத்துவம் வேண்டாம். விலை விசாரிக்க வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்:

“எப்போலேருந்து காணோம்? பேரு என்ன? போட்டோவை எனக்கு அனுப்புங்க. இந்தப் பக்கம் நான் பாக்குறேன், அந்தப் பக்கம் நீங்க பாருங்க.”

சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.