டீக்கடைக்கு டம்ளர் திரும்பட்டும்! மாணவர்கள் தொடங்கி வைப்பார்களா?

கம்மாபுரத்தில் காலை நேரம். விருத்தாசலம் கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் ஒரு பக்கம். சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போகிறவர்கள் இன்னொரு பக்கம். பஸ் வருவதற்குள் ஒரு டீ. நாலு மடக்கு குடிப்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது. கையில் இருந்த பேப்பர் கப் கசங்கித் தரையில் விழுகிறது.

பஸ் போய்விடுகிறது. கப் போவதில்லை.

காற்றடித்தால் சாக்கடைக்குள் விழுகிறது. மழை பெய்தால் அடைத்துக்கொள்கிறது. கூட்டிப் பெருக்கித் தீ வைத்தால் புகை நாறுகிறது.

"பேப்பர்தானே, மக்கிப் போயிடும்" என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெறும் பேப்பர் இல்லை. சூடான டீ ஊறி ஒழுகாமல் இருப்பதற்காக உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அது லேசில் மக்குவதில்லை. பூச்சையும் பேப்பரையும் பிரிப்பது கஷ்டம் என்பதால் பழைய பேப்பர் கடைக்காரரும் அதைத் தொடுவதில்லை.

தடை என்ன ஆச்சு?

இந்தக் கப்புக்குத் தமிழ்நாட்டில் அனுமதியே கிடையாது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

2018-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டசபையில் பிளாஸ்டிக் தடையை அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. தடைப் பட்டியலில் 14 வகைப் பொருள்கள். பிளாஸ்டிக் கப், தெர்மோகோல் கப் ஆகியவற்றோடு, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அதில் உண்டு.

கப் தயாரிப்பவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் சென்னை ஐகோர்ட்டு, தடை செல்லும் என்றது. அப்பீல் போனார்கள். 2023 அக்டோபர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேப்பர் கப் தடையை உறுதி செய்தது.

இதற்கு நடுவே 2021 டிசம்பரில் முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மஞ்சப்பை ஓரளவு திரும்பி வந்தது. டம்ளர் மட்டும் ஏன் வரவில்லை?

கடைக்காரர் என்ன சொல்வார்?

டீக்கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

கிளாஸ் கழுவ ஆள் வேண்டும். தண்ணீர் வேண்டும். கோடையில் குடத்துத் தண்ணீருக்கே அல்லாடும்போது கிளாஸ் கழுவ எங்கே போவது? பஸ் வரும் நேரத்தில் இருபது பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள். போதாததற்கு 2020 கொரோனா காலத்தில் ஊர் முழுக்க ஒரு பயம் பிடித்தது. "அண்ணே, பேப்பர் கப்பில் கொடுங்க" என்று வாடிக்கையாளரே கேட்டு வாங்கினார். கொரோனா பயம் போயிற்று. கேட்ட பழக்கம் போகவில்லை.

அந்தப் பயம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது கிளாஸை முக்கி எடுத்தால் யாருக்குத்தான் குடிக்க மனசு வரும்? ஆனால் அதற்குப் பரிகாரம் பேப்பர் கப் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுப்பதுதான். டீக்கடையில் வெந்நீருக்கா பஞ்சம்?

பேப்பர் கப்பும் சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 100 மில்லி சுடுநீரைப் பேப்பர் கப்பில் ஊற்றி 15 நிமிஷம் வைத்தபோது, உள்பூச்சில் இருந்து சுமார் 25 ஆயிரம் பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் கலந்தன. கண்ணுக்குத் தெரியாத துகள்கள். உடம்புக்குள் போய் அவை என்னென்ன செய்யும் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அதுவரை எதற்காகக் குடித்துப் பார்க்க வேண்டும்?

மாணவர் கணக்கு

ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு டீ. வருஷத்துக்கு 200 நாள் கல்லூரி. மூன்று வருஷப் படிப்பு முடிவதற்குள் 1,200 கப். அறுபது பேர் படிக்கும் ஒரு வகுப்புக்கு 72 ஆயிரம் கப். பட்டம் வாங்கி வெளியே வரும்போது இத்தனையையும் ஊரில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

இதற்குப் பதில் ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். பையில் சாப்பாட்டு டப்பா இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு டம்ளருக்கு இடம் இருக்காதா? ஹாஸ்டல் அறைக்குப் பார்சல் டீ வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் கவரை விட்டுத் தூக்குவாளி கொண்டுபோகலாம்.

முதல் நாள் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். "என்னடா, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்பார்கள். டீ மாஸ்டர் அளவு தெரியாமல் முழிப்பார். கடை கிளாஸில் அளந்து அதை டம்ளரில் ஊற்றினால், அந்த கிளாஸையும் கழுவ வேண்டி வரும். கடை கிளாஸ் அளவுக்கு டம்ளரில் ஒரு கோடு போட்டு வைத்தால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விலை கொடுத்து டம்ளர் வாங்கி அலமாரியில் வைத்தால் ஒரு பயனும் இல்லை. நாள் தவறாமல் எடுத்துப் போனால்தான் கணக்கு நேராகும்.

எல்லோருக்கும் ஒரே டம்ளர்!

டம்ளர் திரும்பட்டும் என்று சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்ற கொடுமை இருந்தது. ஊர்க்காரருக்கு ஒரு டம்ளர், சேரிக்காரருக்கு வேறு டம்ளர். சில இடங்களில் கொட்டாங்கச்சி. குடித்தவரே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். 1955-ல் வந்த தீண்டாமை ஒழிப்புச் சட்டமே இதைக் குற்றம் என்கிறது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. அப்படியும் சில ஊர்களில், சிலருக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ், மற்றவர்களுக்குத் தூக்கி எறிகிற கப் என்று பாகுபாடு வேறு உருவம் எடுத்தது.

குப்பையைக் குறைக்கிறேன் என்று அந்தப் பழைய பாவத்தை யாரும் திரும்பக் கொண்டுவந்துவிடக்கூடாது. சொந்த டம்ளர் கொண்டுவருவது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். "நீ உன் டம்ளரைக் கொண்டுவா" என்று சாதி பார்த்து ஒருவரிடம் சொன்னால் அது சட்டப்படி குற்றம். கடை டம்ளர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் கழுவ வேண்டும். யார் வந்து கேட்டாலும் அதில்தான் கொடுக்க வேண்டும்.

யார் தொடங்குவது?

அபராதம் போட அதிகாரிகள் வருகிறார்கள், போகிறார்கள். வண்டி மறைந்ததும் கப் கட்டு மறுபடி மேஜைக்கு வந்துவிடுகிறது. கப் தயாராகும் இடத்தையும் மொத்த வியாபாரியையும் விட்டுவிட்டு, நாளைக்கு நூறு டீ விற்பவரை மட்டும் பிடித்தால் தடை எப்படி நிற்கும்? அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பஞ்சாயத்துகள் பஸ் நிறுத்தக் கடைகளுக்குத் தண்ணீர்க் குழாய் வசதி செய்து தரலாம். கல்லூரி கேண்டீன்கள் முதலில் மாறிக் காட்டலாம்.

பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க அரசு கல்விக்கூடமே இருக்கிறது. மண்ணைச் சுட்டுக் கோப்பை செய்யத் தெரிந்த வட்டாரம் இது. இங்கே டீ குடிக்கப் பேப்பர் கப் கேட்பது, குளத்தங்கரையில் உட்கார்ந்துகொண்டு பாக்கெட் தண்ணீர் வாங்குவது மாதிரி.

சட்டம் வந்துவிட்டது. தீர்ப்பும் வந்துவிட்டது. இனி வர வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நாளைக் காலையில் டீக்கடையில் நிற்கும் மாணவர் சொல்ல வேண்டிய வார்த்தை:

"அண்ணே, டம்ளரில் கொடுங்க!"