பிளக் பொருந்தினால் காணும் என்ற பேய்க்கதை

சைக்கிள் லைற் விற்கிற கடைகளிலும், அதைத் திருத்துகிற மேசைகளிலும், எங்கட கம்பஸ் சைக்கிள் பார்க்கிலும் ஒரே வசனம்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது: "பிளக் பொருந்துதெல்லோ, பிறகென்ன? கொளுவிப் பாரும், எரியும்." இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது.

பிளக் பொருந்துவது என்றால் இரண்டு உலோகத் துண்டுகளின் அளவு பொருந்துகிறது, அவ்வளவுதான். 8.4 வோல்ற் சார்ஜர், 12.6 வோல்ற் சார்ஜர், வீட்டு வைஃபை ரவுட்டரின் 12 வோல்ற் அடப்டர் மூன்றுக்கும் ஒரே 5.5 மில்லிமீற்றர் வட்ட பிளக் இருக்கலாம். பிளக்கை நம்பி வோல்ற்றைத் தீர்மானிக்கிறது, சப்பாத்து அளவைப் பார்த்து ஆளின்ர இரத்த வகையைச் சொல்லுறது மாதிரி.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். இவை யாருக்கும் விளங்காத பௌதிகவியல் இல்லை. ஒரு லிதியம் அயன் செல், அதாவது லைற் பற்றரிக்குள் இருக்கிற அந்த 18650 உருளை, பெயரளவில் 3.7 வோல்ற். முழுதாக ஏறினால் 4.2. இறங்கி 3-க்குக் கிட்ட வந்தால் காணும், அதற்குக் கீழே வடிய விட்டால் செல் பழுதாகத் தொடங்கும். இரண்டு செல்லைத் தொடராகப் போட்டால் 7.4, முழுதாக ஏறினால் 8.4. மூன்று போட்டால் 11.1, முழுதாக ஏறினால் 12.6. ஆகவே பற்றரியில் 7.4 என்றும் சார்ஜரில் 8.4 என்றும் எழுதியிருந்தால் பயப்படத் தேவையில்லை, இரண்டும் ஒரே சோடி. ஆனால் "12 வோல்ற்" என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். மூன்று செல் லிதியமா? அல்லது சார்ஜ் ஏறும்போது 14 வோல்ற்றையும் தாண்டுகிற ஈய அமிலப் பற்றரியா?

"கொஞ்சம் கூடக் குடுத்தா கொஞ்சம் கூட எரியும்" என்பது அடுத்த கதை. பழைய இழை பல்ப்புக்கு அது ஓரளவு சரி. சூடாக ஆக இழையின்ர தடை கூடும், அது தன்னைத்தானே கொஞ்சம் கட்டுப்படுத்தும். எல்.ஈ.டி. அப்படி இல்லை. வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று 3 வோல்ற்றுக்குக் கிட்டத்தான் ஒழுங்காக எரியத் தொடங்கும். அதற்கு மேல் வோல்ற் சின்னதாகக் கூடினாலே மின்னோட்டம் மளமளவென்று ஏறும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு செல்லுக்கென்று செய்த மலிவு லைற், உள்ளே ஒரு எல்.ஈ.டி.யும் 3.4 ஓம் தடை ஒன்றும். 4.2 வோல்ற்றில் எல்.ஈ.டி. 3 எடுக்க, மிச்சம் 1.2 தடையில் விழும். மின்னோட்டம் சுமார் 0.35 அம்பியர். அதே லைற்றை 8.4 வோல்ற் பற்றரியில் கொளுவினால் தடையில் விழுவது 5 வோல்ற்றுக்குக் கிட்ட, மின்னோட்டம் சுமார் 1.5 அம்பியர். வோல்ற் இரண்டு மடங்கு, மின்னோட்டம் நாலு மடங்குக்கு மேல். அரை வற்றுக்கும் குறைவாகச் சூடான அந்தத் தடை இப்போது 7 வற் சூட்டைத் தாங்க வேண்டும். தாங்காது. "நல்லா எரியுது மச்சான்!" என்று நீங்கள் சந்தோஷப்படுகிற அந்தச் சில நிமிஷம் லைற்றின் செத்தவீட்டு வெளிச்சம்.

"நல்ல லைற்றுக்குள்ள டிரைவர் இருக்கு, அது பாத்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை. நல்ல டிரைவர் மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும். ஆனால் எந்த டிரைவருக்கும் தாங்கக்கூடிய ஆகக் கூடின வோல்ற், வேலை செய்ய வேண்டிய ஆகக் குறைந்த வோல்ற் என்று இரண்டு எல்லை உண்டு. அந்த இரண்டு எண்ணும் எங்கே எழுதியிருக்கிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் லூமன் இருக்கும், அதுவும் ஆயிரக்கணக்கில். "9900 எம்.ஏ.எச்." என்று பற்றரியில் தங்க எழுத்து இருக்கும். இண்டைக்குக் கிடைக்கிற நல்ல 18650 செல் ஒன்றே 3500-க்குக் கிட்டத்தான் என்றால், 9900 எழுதினவனை என்னவென்று சொல்லுவது? பொய்யைப் பெரிய எழுத்திலும் தேவையான எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் போடுகிற வியாபாரம் இது.

வோல்ற் கூடினால் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். அல்கலைன் பற்றரி நாலு போடுகிற லைற் 6 வோல்ற்றுக்குச் செய்தது. அதற்குள் சார்ஜ் பண்ணுகிற நிக்கல் பற்றரி நாலு போட்டால் 4.8 தான். சில லைற் மங்கும், சிலது எரியவே எரியாது. இதைவிட மோசமானது பின்பக்கக் குறிகாட்டி. இரண்டு செல்லுக்கென்று அமைத்த பச்சை, சிவப்புக் குறிகாட்டியோடு மூன்று செல் பற்றரியைப் போட்டால், கடைசி மட்டும் பச்சையே காட்டும். பிறகு பற்றரிக்குள் இருக்கிற பாதுகாப்புச் சுற்று ஒரேயடியாக வெட்டிவிடும். முன்னறிவிப்பு இல்லை. ரியூஷன் முடிந்து ஏழு மணிக்குப் பிறகு தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையில் வருகிற ஒரு பிள்ளைக்கு, அல்லது ஏ9 வீதிக் கரையால் லொறிகளோடு சேர்ந்து வருகிற ஒரு கூலித் தொழிலாளிக்கு, அந்த ஒரு நொடி இருட்டு என்ன விலை?

சார்ஜர் விஷயம் இன்னும் பொல்லாதது. 12.6 வோல்ற் சார்ஜரை இரண்டு செல் பற்றரியில் குத்தினால் ஒவ்வொரு செல்லுக்கும் 6.3 வோல்ற்றை ஏற்றப் பார்க்கும். பாதுகாப்புச் சுற்று நல்லதென்றால் தப்பினீர்கள். அது மலிவென்றால், அல்லது இல்லையே இல்லையென்றால், அது போர்டிங் அறைக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற நெருப்பு. இப்ப மின்சார சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் 36 வோல்ற் பற்றரியின் நடுவில் மூன்று செல்லில் வயர் எடுத்து லைற் எரிக்கிறார்கள். அந்த மூன்று செல் மட்டும் கெதியாய் இறங்கி முழுப் பற்றரியையும் சமநிலை குலைக்கும். அதற்கென்றே வோல்ற்றை இறக்குகிற கன்வேர்ட்டர் இருக்கிறது.

"மலிவுச் சாமான் தானே, பழுதானா எறிஞ்சிட்டு வேற வாங்கலாம்" என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கே எறிவீர்கள்? வளவுக்குள்ளயா, குளத்துக்குள்ளயா? அதோடு, 2022-இல் பெற்றோல் இல்லாமல் நாடே சைக்கிளுக்கு இறங்கினதை மறந்துவிட்டோமா? சைக்கிள் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. வேறு வழியில்லாதவரின் வாகனம் அது. அவரிடம் "வேற வாங்கும்" என்று சொல்வது திமிர்.

"ஆர்ட்ஸ் படிக்கிற உமக்கு வோல்ற் என்னத்துக்கு?" என்ற கேள்வியும் வரும். வரட்டும். 90களில் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது பொறியியலாளர்கள் மட்டுமில்லை. 6 வோல்ற் டைனமோவுக்கு 6 வோல்ற் பல்ப் என்று எங்கட அம்மப்பாமாருக்குத் தெரியும். பின் பல்ப் போனால் முன் பல்ப்புக்குக் கூடப் போய் அதுவும் அடிபடும் என்றும் தெரியும். அந்த அறிவு எங்கட சனத்திடம் இருந்தது. அதை இப்ப "சயன்ஸ் பெடியளின்ர வேலை" என்று ஒதுக்கி, பெட்டியில் எழுதின பொய்யை நம்பி வாங்குகிறோம்.

பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லைற்றும் ஒரு செல்லும் உள்ளேயே அடைத்து, 5 வோல்ற் யூ.எஸ்.பி.யில் ஏற்றுகிற சாமான் உங்களுக்குக் காணுமென்றால் அதையே வாங்குங்கள், பொருத்துகிற வேலையே இல்லை. தனிப் பற்றரி வேண்டுமென்றால் மூன்று எண்ணைக் கேளுங்கள்: லைற் எத்தனை வோல்ற்றிலிருந்து எத்தனை மட்டும் தாங்கும், பற்றரி முழுதாக ஏறினால் எத்தனை, சார்ஜர் எத்தனையில் நிற்கும். பின் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எண் முதலாவதின் எல்லைக்குள் இருக்க வேண்டும். பற்றரியையும் சார்ஜரையும் மல்ரிமீற்றரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் சினந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பற்றரியிலும் சார்ஜரிலும் பிளாஸ்ரர் ஒட்டி, பேனையால் பெரிசா அந்த எண்ணை எழுதுங்கள். எழுதிப்போட்டு, தங்கச்சியின்ர சைக்கிளையும் ஒருக்காப் பாருங்கள்.